அப்பா பங்குச் சோறு

எங்கள் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு ஒரு சின்ன உப்புக் குவியலாக எழும்பி நிற்கும். மரக்காணம் உப்பளத்தில் அவர் வாரிக் குவிப்பது போலவே கூராக, சரியாமல் இருக்கும். விடிவதற்கு முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் பாத்திகளில் உப்பு வாரிவிட்டு வருகிற ஆளை அளந்து சாப்பிடச் சொல்ல யாருக்கு வாய் வரும்? சிக்கல் மழைக்காலத்தில்தான். ஐப்பசியில் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். அப்பா கட்டிலில் படுத்திருப்பார். வயிறு மட்டும் உப்பு வாரிவிட்டு வந்ததாகவே நினைத்துக்கொள்ளும். எங்கள் தெரு ஆண்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் குதிகாலில் புண் வந்தது. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சுகர் என்றார்கள். சோற்றைக் குறைக்காவிட்டால் புண் ஆறாது, ஆறாத காலோடு உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தை பிறந்தால் பாத்தி மிதிக்க, அதாவது பாத்தித் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த, போகவேண்டும். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. அந்தப் பயத்தில் இரண்டு நாள் கோதுமைக் கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "பசிக்குதுடி. இதுக்குப் புண்ணு இருந்துட்டே போவட்டும்" என்றார்.

அம்மா வாதாடவில்லை. மறுநாள் அப்பாவின் பெரிய அலுமினியத் தட்டைக் காணோம். கேட்டதற்கு, "அடியில ஓட்ட வுழுந்துடுச்சி" என்றாள். என் தட்டைவிடச் சற்றே பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, பக்கத்தில் முருங்கைக்கீரை, சுரைக்காய், மீன் என்று இடமில்லாமல் அடைத்துக் கொடுத்தாள். தட்டு நிறைந்திருந்ததால் அப்பாவுக்குக் குறை தெரியவில்லை. மறுசோறு கேட்டால், "கீரையத் தின்னுட்டுக் கேளுங்க" என்பாள். கீரை முடிவதற்குள் பசியும் முடிந்திருக்கும்.

நான் அப்பா செல்லம். வீட்டில் வேவு பார்க்கும் உத்தியோகமும் எனக்குத்தான். அப்பா கை கழுவிவிட்டுப் போன பிறகு, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். தட்டு நிறையச் சோறு, மேலே ஒரு துண்டு மீன். முடித்துவிட்டு இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டாள். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பெரிய தட்டு பரண்மேல் முழுசாக இருப்பதும் கண்ணில் பட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவை ஏமாற்றி அம்மா தின்கிறாள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள், அம்மா ரசம் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"அப்பா, உங்க தட்டு ஓட்டையே இல்ல. பரண்ல இருக்குது. உங்க சோத்த அம்மா சாப்புடுது. ரெண்டு வாட்டி போட்டுக்குது."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: "முன்னல்லாம் எவ்ளோ போட்டுக்கும்?"

"கொஞ்சூண்டு. மிச்சத்துக்குக் கஞ்சித்தண்ணி குடிக்கும்."

அம்மாவுக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. மறுநாள் அப்பா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீயும் போட்டுக்கினு வா."

"நீங்க சாப்புடுங்க. எனக்கு இன்னா அவசரம்."

"சோறு ஆறுது பாரு. வந்து உக்காரு."

அம்மா வெட்கத்தோடு சுவரோரமாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அப்பா மறுசோறு கேட்கும் முன் பானையை எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "போதும்" என்பார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. மார்கழிக் கடைசியில் புண் ஆறியது, தையில் பாத்தி மிதிக்கப் போனார். உப்பு வாரிய மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாரே தவிர, அந்தப் பழைய குவியல் திரும்பவே இல்லை. ஓட்டின்மேல் மழை கொட்ட, மூன்று பேரும் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்ட அந்த மதியங்களுக்காக இன்றும் மனம் ஏங்குகிறது.

அப்போதோ எனக்கு ஒரே ஆற்றாமை. இவ்வளவு துப்புத் துலக்கிச் சொல்லியும் அப்பா தன் பங்கைத் திருப்பி வாங்கவில்லையே என்று அவர்மேல்கூடக் கோபம். அம்மாவுக்கும் பசிக்கும் என்று அப்பாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு அது தெரிய, கல்யாணமாகி, எல்லோருக்கும் போட்டுவிட்டு நானும் கடைசியில் பானையைச் சுரண்டும் நாள் வரவேண்டியிருந்தது.