லோரியில் ஏறாதவர்கள்

என் வாய்க்கு வரி போட்டிருந்தால், மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டம் இன்னும் கொஞ்சம் லாபத்தில் ஓடியிருக்கும். விடியுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, அடுத்த டிவிசனில் பால் வெட்ட லோரியில் போவோம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவேன். எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் நடக்கிற நடையை உட்கார்ந்தபடியே நடந்து காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவியைத் தவிர. அவள் வீட்டில் ஒத்திகையையே பார்த்து அலுத்தவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஆற்றோர வளைவில் லோரி சறுக்கிக் கவிழ்ந்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. இறந்தது என் மனைவி ஒருத்திதான். எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர்கள், அடிபட்ட புருஷன் எங்கே படுத்திருக்கிறான் என்று என்னிடமே விசாரித்தார்கள்.

கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு வந்தது. துக்கத்தில் மனிதன் இளைத்துப் போவான் என்பார்கள்; எனக்குக் காற்சட்டை இறுகியது. அதைப் பார்த்தும் ஒருவர்கூடக் கிண்டல் செய்யவில்லை. என் தொப்பையை வைத்தே பொழுதைப் போக்கியவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். செத்தது நானோ என்றுகூடச் சமயத்தில் சந்தேகம் வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று லோரி வந்து நின்றதும் பின்பலகையில் கை வைத்தேன். கால் தரையை விட்டு எழவில்லை. தூக்கப் பார்த்தேன்; அது யாருடைய காலோ போல நின்றது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"நீங்க போங்க. நான் நடந்து வர்றேன். நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டிரசர் சொன்னாரு."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் தொப்பை சாட்சி சொன்னதால் நம்பிவிட்டார்கள்.

மரங்களுக்கு ஊடே ஒரு குறுக்குப் பாதை உண்டு. அது அந்த வளைவின் பக்கமே போகாது. ஆனால் போய்ச் சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். மற்றவர்கள் நிறைந்த வாளியோடு நிறுவைக்கு வர, நான் அரை வாளியை ஆட்டிக்கொண்டு வருவேன். என் மர நிரைக்கு அடுத்த நிரை என் மனைவியுடையது. அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி கடைசியாக மரப்பட்டையில் வெட்டிய கோட்டை இன்னொரு கத்தி நாள்தோறும் மெலிதாகச் சீவிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வேலை செய்யப் பழகினேன். கழுத்துச் சுளுக்குக்கு டிரசரிடம் உண்மையாகவே போக வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் ஓர் அக்கா என்னோடு நடக்கத் தொடங்கினாள். என் மனைவியின் கூட்டாளி. லோரியில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள். லோரி கவிழ்ந்த அன்று தோள்பட்டை எலும்பு முறிந்து, அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"ஏங்க்கா, நீங்க லோரில போகலாம்ல?"

"எனக்கு அந்த டீசல் வாட ஆகாதுடா தம்பி. கொமட்டுது."

ஆயுசு முழுக்க, உறையாமலிருக்க ரப்பர் பாலில் அமோனியா ஊற்றியவள். அந்த நெடியில் புகையிலை போட்டுக்கொண்டு அசராமல் நிற்பவள். அவளுக்கு டீசல் குமட்டுகிறதாம். பொய் சொல்வதில் என்னைவிட மோசம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியை இழந்தவன் தனியாக நடக்கக் கூடாதென்று துணைக்கு வருகிறாள், பாவம். வழியெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டே வருவாள். பதில் சொல்லத் தேவையில்லாத பேச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் மண்டோர் மோட்டார் சைக்கிளை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். தொர கேட்டுட்டாரு. நாளைக்கு லோரில வரலன்னா பேரு வெட்டிருவாங்க. வேல போனா வீடும் போயிரும்லா. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவர் போனதும் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். "அக்கா, எனக்காக நீங்க நடிச்சது போதும். நாளைக்கி ஏறிப் போயிருங்க. நான் கோலா பிலாவுல என் தம்பி வீட்டுக்குப் போயிர்றேன்."

"ஒனக்காகவா? நெனப்புத்தான் ஒனக்கு."

வாளியைக் கீழே வைத்து, பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ கைய நான் புடிச்சிருந்தேன்டா. கவுறயில அவ கை என் கையிலதான் இருந்துச்சு. அப்புறம் இல்ல. அந்தப் பலகைல கை வச்சாலே அந்தக் கைதான் வருது. நீ ஆம்பள, டிரசருன்னு ஒரு கதையச் சொல்லிட்ட. நான் எங்க போயிச் சொல்றது?"

மொத்தத் துக்கத்தையும் குத்தகைக்கு எடுத்தவன் போல இத்தனை நாள் நான் முன்னால் நடந்திருக்கிறேன். அவளுடைய வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் லோரி வந்தது.

"நீ மொதல்ல ஏறு."

"நீங்க ஏறுங்கக்கா."

"நீ ஏறுனாத்தான் நான் ஏறுவேன்."

கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் உபசரித்துக்கொள்வது போல நின்றோம். பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "யாராச்சும் ஒருத்தர் ஏறுங்கப்பா. அந்தத் தொப்பையச் சுத்திக்கிட்டு எங்களால ஏற முடியாது."

பல மாதங்களுக்குப் பிறகு என் தொப்பையைப் பற்றி ஒரு சொல். நான் ஏறினேன். எப்படி என்று இன்றுவரை தெரியாது. மேலிருந்து கை கொடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். உள்ளே நடுவில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

வளைவு வந்தபோது லோரி மெதுவானது. எதிரில் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். அதை அவர்கள் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பழகிய கைகளாக இருந்தன. நாங்கள் குறுக்குப் பாதையில் நடந்த காலம் முழுவதும் இவர்கள் அன்றாடம் இதைக் கடந்திருக்கிறார்கள்.

வளைவு தாண்டியதும் அக்கா வெற்றிலைப் பையைத் திறந்தாள். சுண்ணாம்பு வெற்றிலையில் படாமல் மடியில் விழுந்தது. நான் வாங்கித் தடவிக் கொடுத்தேன்.

"பாவி, இம்புட்டுச் சுண்ணாம்பா? வாயி வெந்துபோச்சுடா."

அவள் கண் கலங்கியதற்குச் சுண்ணாம்புதான் காரணம் என்று லோரியே ஒப்புக்கொண்டது. நான் வெற்றிலை போடுவதில்லை. என் கண்ணும் ஏன் கலங்கியது என்று யாரும் கேட்கவில்லை.