சோப்பு டப்பாவுக்குள் ஒரு குரல்

நீல நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மேலே திருகும் குமிழ்கள் இரண்டு, காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். கிதாரின் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் அது. பெங்களூர் விவேக் நகரில் எங்கள் சர்ச் கொயரை நடத்திவந்த அக்காவின் தம்பியும் நானும் தொண்ணூறுகளில் சேர்ந்து செய்தது. சேர்ந்து என்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. ஈயம் உருக்கிப் பற்றவைத்தது மட்டும்தான் நான், காது அவனுடையது. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிய டயோடு எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் யாரோ தூக்கிப்போட்ட ரேடியோவிலிருந்து எந்த ரகம் என்றே தெரியாதபடி எழுத்து அழிந்த டயோடுகளைப் பிடுங்கி, சர்க்யூட்டில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று மாற்றிப் போட்டான். "இப்பத்தான் மனுசன் பாடுற மாதிரி இருக்கு மச்சான்" என்றான். பிளாஸ்டிக் டப்பா ரேடியோ அலைகளைத் தடுக்காது என்பதால் அவ்வப்போது ரேடியோவும் பிடிக்கும். தகர டப்பாவுக்கு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அதற்குள் ஓசூர் ரோட்டில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கப் பூசையில் அவனுக்குப் பிடித்த பாட்டை அதே பெடலில் வாசிக்கச் சொன்னார் அக்கா. வாசித்தேன். பாட்டு முடிந்து எல்லோரும் மண்டியிட்ட அமைதியில், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கன்னடத்தில் தக்காளி விலை கேட்டது. பதறிப்போய்க் கிதாரின் சத்தத்தைக் குறைத்தேன்; ரேடியோ அதற்கெல்லாம் அடங்குமா? வெங்காயத்துக்குப் போய்விட்டது. சவப்பெட்டியருகே இருந்த அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வயரைப் பிடுங்கினேன். கல்லறையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து பெடலைக் குறடால் பிய்த்தெறிந்து, கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போட்டேன். அதன்பின் அக்கா வீட்டுத் தெருப்பக்கமே போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு அக்காவே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொட்டிய எடுத்துனு வாடா. அன்னிக்கு அம்மா சிரிச்சிட்டாங்கடா. சாவுலகூட இவன் ரேடியோவ விடமாட்டானான்னு. அதுக்கப்புறம் சிரிக்கவே இல்ல. அவங்க பக்கத்துல வச்சு வாசி."

பிய்த்துப் போட்டதைச் சொன்னேன். திருப்பிச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார் அக்கா. செய்தேன், இன்றுவரை எத்தனையோ செய்துவிட்டேன். என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் நூறு விதமாகக் கரகரக்கிறது. அக்காவின் தம்பி பிடித்துவைத்த அந்தக் குரல் மட்டும் எதிலும் இல்லை.

அந்த அடக்கப் பூசையில் யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. நான் ஒருவன்தான் அங்கேயும் என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.