ஜன்னத் மட்டும் எழுந்தாள்

போரை நிறுத்தச் சொல்லி எழுதிய தாளை என் மகள் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசையின் நெடி எங்கள் செம்பூர் வீடு முழுக்கப் பரவியது. தாராவியில் என் பள்ளித்தோழி ஜன்னத்தின் வாப்பா நடத்திய தோல்பைப் பட்டறையில் இதே நெடிதான் அடிக்கும்.

அப்போது எல்லையில் சண்டை. எனக்கும் ஜன்னத்துக்கும் பதினைந்து வயது. வகுப்பில் எல்லோரும் போர் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று நாளை நாம் இருவரும் எழுந்து சொல்வோம் என, அந்தப் பட்டறையில் தோல் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து முடிவெடுத்தோம்.

வீட்டில் அப்பா ரேடியோவைக் காதருகே வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சத்தத்தைக் குறைத்தார்.

"பொழைக்க வந்த ஊருட்டி இது. வாயத் தொறக்காத."

மறுநாள் ஜன்னத் எழுந்தாள். "ரெண்டு பக்கமும் சாவுறது நம்மள மாதிரி வீட்டுப் பிள்ளையதான டீச்சர்?"

"அப்போ அங்கயே போயிரு" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

மதியம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போனதும் நகர்ந்து இடம்விட்டாள்.

"உங்கப்பா ஏசுனாவளா?"

"ஆமா."

அதன்பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எதையும் சேர்ந்து முடிவெடுக்கவில்லை.

"அம்மா, நீ எதுக்காவது போராடியிருக்கியா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முகத்தில் ஏமாற்றம் இல்லை. அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள்.