இருமாத இயந்திரம்

குண்டு போடும் விமானம் எங்கள் ஊருக்கு மேல் எப்படிப் பதிந்து வரும் என்று வாயால் செய்து காட்டி, கைதட்டு வாங்கியவன் நான். வெட்கம்தான். தட்டியவர், தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் நான் வீடு துடைத்த ஓய்வுபெற்ற பொறியியலாளர். மெலிந்த மனிதர், வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி. வானத்தில் விமானம் போனால் சூப்புக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, அதன் இயந்திரத்துக்கு என்ன நோய் என்று சொல்வார்.

என் சத்தத்தையும் கண்மூடித்தான் கேட்டார்.

"இறங்கும்போது இருமினாய். அது எங்கள் ஆய்வுகூடத்தில் பிறந்த இயந்திரம். இருமாது" என்றார் பெருமையாக.

"அது யாழ்ப்பாணத்துக்குப் போகும் என்று தெரியுமா?"

"ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது பாதுகாப்பு அமைச்சு. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். யார் தலையில் என்று எழுத விண்ணப்பத்தில் இடமில்லை."

மிச்சச் சூப்பைக் குடித்தார். நான் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

"இனி அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்" என்று மனைவியிடம் முழங்கினேன்.

"ஓம், போகாதையுங்கோ. இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெசோவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் தாறவர் அவர்தானே. அவரின்ரை கையெழுத்தையும் வாயாலை செய்து காட்டுங்கோ."