இறக்கிப் பிடித்த விரிப்பு

என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடுவில் எப்போதும் ஒரு படுக்கை விரிப்பு இருக்கும். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் அவர்கள் ஒரு ஜோடி. இரட்டைக் கட்டில் விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரே உதறாக உதறி மடிக்க வேண்டும். என் கல்யாணப் பேச்சும் அந்த விரிப்பின் இரண்டு பக்கமும் நின்றபடியே முடிந்தது. என்னையும் கேட்டார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அதுவரை "ஒழுங்காப் புடிடி" என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பந்தி ஆனதும் எங்கிருந்தோ மரியாதை வந்துவிட்டது. "சம்பந்தி, கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா?" கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் மாமியார், நான் கூப்பிடுவது அத்தை என்று, பெரிய பேச்சுக்காரி. விரிப்பில் காபிக் கறையைப் பார்த்தாலே போதும், "இவனுக்கும் பொண்டாட்டிக்கும் காலையிலயே சண்டை" என்று ஆரம்பித்து, அடுத்த விரிப்பு வருவதற்குள் அவர்களைச் சமாதானமும் செய்து வைத்துவிடுவார்.

அவருக்கு வலது தோள் வலிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றார். பிறகு தலை வார முடியவில்லை. பிறகு உள்ளாடைக் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மாட்ட முடியவில்லை. அந்த வேலை மாமாவிடம் போனது. "கல்யாணம் ஆன புதுசுலகூட மனுஷன் இவ்வளவு அக்கறை காட்டல" என்று சொல்லிச் சிரிப்பார், வலியோடு.

நாங்களும் அக்கறையில் குறை வைக்கவில்லை. அலமாரியின் மேல் தட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் நான் கீழே இறக்கி வைத்தேன். என் கணவர் துணி காயப்போட்டார். வலி கொஞ்சம் குறைந்தது; ஆனால் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போக மறுத்தது.

கூடத்தில் சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். "சீசன் வரைக்கும் பாக்கறேன். கை ஏறலன்னா கைத்துண்டு மேசைக்குப் போயிடுங்க" என்றார். கைத்துண்டு மேசை ஒற்றை ஆள் வேலை. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். சம்பளம் குறையாது, ஆனால் பேச ஆள் இல்லை. அன்று இரவு அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

டாக்டர் ஸ்கேன் பார்த்து, தசை எதுவும் கிழியவில்லை என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். இரண்டு அம்மாக்களையும் நான்தான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பிசியோ என்னைவிடச் சின்னப் பெண். அத்தையை முதலில் தானாகக் கையைத் தூக்கச் சொன்னாள். பிறகு அவளே பிடித்துத் தூக்கினாள். இரண்டு முறையும் கை ஒரே இடத்தில் நின்றது.

"தசை கிழிஞ்சிருந்தா நான் தூக்கும்போது மேல போகும். உங்களுக்கு மூட்டைச் சுத்தி இருக்கிற பை இறுகியிருக்கு. சட்டைக்கு அக்குள்ல தாராளமாத் துணி விட்டுத் தெச்சாதானே கை மேல போகும்? அந்தத் தாராளம் சுருங்கிடுச்சு. சர்க்கரை இருக்கா?"

"இருக்கு. பேச்சுலயும் இருக்கு" என்றார் அத்தை.

"சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வரும். இளக மாசக்கணக்காகும். சரி, வேலைல கையை எப்படி வெச்சுக்கறீங்க? காட்டுங்க."

பரிசோதனை மேசையில் கிடந்த விரிப்பை எடுத்து இருவரும் மடித்துக் காட்டினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். அத்தை வலது தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தார். எதிரே அம்மா முழங்காலை மடக்கி, குனிந்து, தன் பக்கத்தை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தார். பிறகு தானே ஓடிவந்து, அத்தை கையில் இருந்த மூலைகளையும் வாங்கிச் சேர்த்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அத்தையின் கை அசையவும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள் பிசியோ.

"வலின்னு சொன்னதுல இருந்து. சம்பந்தியைக் கஷ்டப்படுத்தலாமா?" என்றார் அம்மா பெருமையாக.

"ஆரம்பத்துல அந்த ஓய்வு வேணும்தான். ஆனா இப்ப இவங்க கைக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க. இனிமே உதறாம, மெதுவா, தாங்கற வரைக்கும் தூக்கணும். நீங்க இறக்கக் கூடாது."

பஸ்ஸில் இருந்து இறங்கும்போது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "நல்லது பண்றேன்னுதானே பண்ணேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அம்மாமீது கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நானும்தானே டப்பாக்களை இறக்கி வைத்தவள்.

அவற்றை மறுபடி மேலே ஏற்றினேன். அத்தை தினமும் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினார். சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றினார். கைக்குப் பதில் தோளைக் காதுவரை தூக்கி ஏமாற்றினால், மாமா நாற்காலியில் இருந்தே "காது, காது" என்று குரல் கொடுப்பார். வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கூடத்தில் மட்டும் அம்மாவால் முடியவில்லை. அத்தை முகம் சுளித்ததும் அம்மாவின் கை தானாக இறங்கிவிடும். அத்தையும் மரியாதைக்காக ஒன்றும் சொல்லமாட்டார்.

சீசன் வந்தது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்று அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்த நானும் வாசலிலேயே நின்றுவிட்டேன். விரிப்பு மெல்ல மேலே போனது. மார்பு, கழுத்து, முகவாய். அங்கே அத்தையின் உதடு இறுகியது. எதிர்ப்பக்கம் அம்மாவின் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"இறக்காதடி" என்றார் அத்தை.

கூடமே திரும்பிப் பார்த்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த 'டி'யை அம்மா கேட்டதே இல்லை. பிறகு முழங்காலை நிமிர்த்தினார். கையை நன்றாக மேலே தூக்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

"நீ தூக்குடி மொதல்ல" என்றார்.

அத்தையின் கை நெற்றிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "ஒத்தைக் கட்டில் விரிப்பா எடுத்துக்கங்க, ரெண்டு பேரும்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதுகைத் திருப்பியதும் அத்தை அவர் நடையை நடித்துக் காட்டினார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த விரிப்பின் இரண்டு மூலைகளை அத்தை கையில் கொடுத்தார்.