மூன்றரை டன் பயம்

போன வாரம் கொல்கத்தாவில், கார்டன் ரீச் பக்கம், ஒரு தனியார் படகுத்துறையில், கிரேன் கொக்கிக்குக் கீழே நான் நிற்க வேண்டியிருந்தது.

அந்தத் துறையின் வழக்கம் அது. கிரேனை ஓட்டும் புது புரோகிராமைச் சோதிக்கும்போது எழுதியவரே கொக்கிக்கு அடியில் நிற்க வேண்டும். உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் என் ஆட்கள் ஏன் நிற்க வேண்டும் என்று ஃபோர்மேன் பொலாய்-தா கேட்டார். நியாயம்தான். எரிச்சலூட்டும் நியாயம்.

கிரேனுக்கு இரண்டு கம்பிவடம். இரண்டும் பழசு. ஒரு வடத்துக்கு மூன்று டன்னைத் தாண்டினால் எங்கள் புரோகிராம் தூக்க மறுக்க வேண்டும். சோதனைக்கு வேண்டுமென்றே ஏழு டன் இரும்பு வைத்திருந்தார்கள். மறுத்தால் பிழைத்தேன். மறுக்காவிட்டால்...?

ஷெட்டில் கடைசியாக ஒருமுறை டீபக்கரைத் திறந்தேன். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கிற கருவி அது. கணக்கைத் தட்டினால் போட்டும் காட்டும். எடையை வடத்தால் வகுக்கச் சொன்னேன். மூன்றரை என்றது. சரி, மறுத்துவிடும். ஹெல்மெட்டை எடுத்தேன்.

வாசலில் சேகர். எங்கள் கம்பெனிப் பையன், லேக் கார்டன்ஸ்காரன்.

"அக்கா, நேத்து டீபக்கர்ல லாங்குவேஜை பாஸ்கல்னு வச்சுட்டுப் போனேனே... மாத்திட்டீங்கல்ல?"

"இல்லையே."

"அப்ப அது பாஸ்கல் முறையில கணக்கு போட்டுல்ல சொல்லிருக்கும்? நம்ம எடைப் பகுதி சி-ல இருக்கு."

எங்கள் புரோகிராமில் பழைய பாதி பாஸ்கல் மொழி, புதுப் பாதி சி மொழி. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பாஸ்கல் அரையையும் சொல்லும். சி அரையை விழுங்கிவிடும். டீபக்கரில் மொழியை சி-க்கு மாற்றி அதே கணக்கைத் தட்டினேன்.

மூன்று.

மூன்றைத் தாண்டவில்லை என்று கிரேன் தூக்கியிருக்கும். அடியில் நான். மொழி பொருந்தவில்லை என்று டீபக்கர் ஒரு வரி எச்சரிக்கை போட்டிருந்தது — யார் படிக்கிறார்கள்?

வெளியே ஓடி, தூக்க வேண்டாம் என்றேன்.

"கிச்சு ஹொபே நா, திதி," என்றார் பொலாய்-தா. ஒன்றும் ஆகாதாம். பின்னால் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். செத்தால் தெரியும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

திருத்தி முடிக்க மத்தியானம் ஆனது. பிறகு கொக்கிக்கு அடியில் போய் நின்றேன். எடை மிஞ்சிவிட்டதென்று சைரன் அலறியது, கிரேன் அசையவில்லை. அந்த அலறலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

தப்பான விடையைக் கண்டுபிடித்துவிடலாம். நம்முடையதல்லாத கணக்குக்குச் சரியான விடை வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் இப்போது பயம்.

நேற்று அலிப்பூரில் ஒரு ஆபீஸ். நாலாவது மாடி. லிஃப்ட் திறந்து காத்திருந்தது... படியில் ஏறிப் போனேன்.