வேட்டியை வெட்டிய தேர்வு

நான் முதன்முதலில் கொன்றது ஒரு ரப்பர் பொம்மையை. அப்போது சேலத்தில் அறுவைச் சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. விபத்தில் அடிபட்டு வருகிறவரை முதல் பத்து நிமிடத்தில் எப்படிப் பார்க்கிறோம் என்று சோதிக்க, நிஜம்போலவே ஒரு தேர்வு வைத்தார்கள். பொம்மை மூச்சு விடும், முனகும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் அதன் நாடித்துடிப்பை ஏற்றி இறக்குவார். தேறினால்தான் அவசரப் பிரிவில் ஒரு குழுவை முன்னின்று நடத்த விடுவார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் அடுத்தவருக்குக் கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். கடைசி வேலை, உடுப்பு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு உடம்பைப் பார்ப்பது. பொம்மைக்கு நரைத்த முடி ஒட்டி, வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். சட்டையை வெட்டினேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக இறக்கிவிட்டேன். காயம் தொடை இடுக்கில் இருந்தது. திரையில் எண்கள் மளமளவென்று சரிந்தன, பொம்மை போய்ச் சேர்ந்தது.

“ரப்பர்கிட்ட என்னம்மா கூச்சம்?” என்றார் தேர்வாளர். சென்னைக்காரர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூச்சமாம். மோகனூரில் எங்கள் கரும்புக்காட்டுப் பக்கம் வந்து ஒரு பெரிய மனிதரின் வேட்டியில் கை வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும். ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? பொம்மை செத்தது செத்ததுதான்.

ஆறு மாதம் கையுறை எடுத்துக் கொடுத்தேன். மறுதேர்வில் பொம்மை இல்லை, ஆள். சங்ககிரியில் லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் அடிபட்டவராக நடிக்க வந்திருந்தார். வெட்டுவதற்கென்றே பழைய வேட்டிகள் ஒரு மூட்டை இருந்தும், கண்டவர் கட்டியதைக் கட்டமாட்டேன் என்று சொந்த வேட்டியோடு படுத்துவிட்டாராம். உள்ளே டிராயர் போட்டிருக்கிறார், பயப்படாமல் பாருங்கள் என்று எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார்கள். நான்காவதாக என்னைக் கூப்பிட்டார்கள்.

கத்தரிக்கோலை எடுத்த பிறகுதான் கவனித்தேன். நல்ல சரிகைக் கரை வேட்டி, கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை. ஆளுக்கு எங்கப்பாவைவிட வயது அதிகம். கை நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதே சென்னைக்காரர் திரையில் இரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டிருந்தார். குனிந்து அவர் காதருகே, வீட்டில் பேசுவதுபோலவே பேசினேன்.

“ஏனுங்க ஐயா, உங்க வேட்டிய வெட்டோணுமுங்க. அடி எங்கிருக்குதுன்னு பாக்கோணும். ஒடனே போர்வை போத்தி உட்டர்றனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அலறி நடிக்க வேண்டியவர் அலறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “வெட்டுங்க சாமி,” என்றார்.

கரையிலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டு. தொடையின் பின்பக்கம் மெழுகில் செய்த காயத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்தேன், கட்டுப் போடச் சொன்னேன், சொன்னபடி போர்வையைப் போர்த்தினேன். எண்கள் மெல்ல ஏறின. கண்ணாடிக்குப் பின்னால் சென்னைக்காரர் தலையாட்டியது தெரிந்தது. மாலையில் அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் கேன்டீனில் இரண்டு போண்டா தின்றேன்.

வெளியே வந்தால் அவர் சங்ககிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஆபரேஷன் தியேட்டரின் பச்சைக் கால்சட்டை, கையில் சுருட்டிய வேட்டித் துண்டுகள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“நல்ல வேட்டியக் கெடுத்துப்போட்டனுங்க,” என்றேன்.

“அது கெடக்குது உடுங்க,” என்று சிரித்தார். “உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. அல்லாரும் நம்ம பக்கத்துப் புள்ளைங்கதான். மரியாதையா வேட்டிய இழுத்து உட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு தடவ செத்துப் போனனுங்க. உங்ககிட்டத்தான் சாமி பொழச்சேன்.”